சரிவுப் பாதையில் முனகும் கதவு: சேஸி முறுக்கமா, வேறு கோளாறா?

சான் பிரான்சிஸ்கோவில் என் வீட்டு கராஜுக்கு ஏறும் பாதை மிகவும் செங்குத்து. கார், கூரை மடங்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் ரகம். நேராக ஏற்றினால் முன் பம்பரின் அடிவிளிம்பு சிமெண்டில் உரசுகிறது. அதனால் கோணலாக ஏற்றுகிறேன். அப்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க, ஓட்டுநர் பக்கக் கதவு பூட்டருகே கிறீச்சிடுகிறது. அந்த நிலையில் திறந்தால், மீண்டும் மூட மறுக்கிறது.

கூரையில்லாத காரில், சக்கரங்கள் சமமாக ஊன்றாதபோது சேஸியில் (காரின் சட்டக்கூட்டில்) வரும் முறுக்கத்தைத் தாங்குவது பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டங்கள்தான். 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரில், ஏறி இறங்கவே சிரமப்படும் அளவுக்கு அவற்றை உயர்த்தியது அதற்காகத்தானே!

இந்த அளவு முறுக்கம் இயல்பா, அல்லது உள்ளே துருவையோ பழைய வெல்டிங்கையோ தேட வேண்டுமா? அடியில் குறுக்குச் சட்டம் பொருத்தியவர்கள் வித்தியாசத்தை உணர்ந்தீர்களா? ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கதவு இடைவெளியை அளக்க நினைக்கிறேன். ஜாக்கியை எங்கே வைப்பது பாதுகாப்பு? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.