மலை மேலிருந்து மனை பார்ப்பது: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

கலுங்கு:

கடை, ஆபீஸ், கல்யாண மண்டபம் என்று வணிகக் கட்டடம் கட்டி வாடகைக்கு விடுகிறவர்களில் ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிற ஆட்கள் நம்ம ஊரில் நிறையவே இருக்கிறார்கள். யானைமலை, சமணர் மலை, நாகமலை, அரிட்டாபட்டி எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே நின்று மனையைப் பார்த்தால் என்ன தட்டுப்படும் என்பதை இந்தத் திரியில் எழுதுங்கள். யார் எப்போது ஏறினார்கள் என்ற கதை வேண்டாம். அளவும் காரணமும் போதும்.

முதலில் என் பங்கு. மனைக்குள் நின்றால் எல்லா நிலமும் தட்டையாகத்தான் தெரியும். 200 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது, ஆனால் மழைத் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். மேலேயிருந்து பார்க்க நல்ல நேரம் காலை ஆறேகாலிலிருந்து ஏழு. வெயில் சாய்ந்து விழும்போது அரை அடி வரப்புக்குக்கூட நிழல் இருக்கும். எட்டரைக்கு மேல் எல்லாம் வெளுத்துப் போய்விடும். சமணர் மலையில் நின்று ஊர்ப்பக்கம் பார்த்தால் சூரியன் முகத்தில் அடிக்கும், ஆனால் தேங்கிய தண்ணீர் தகடு மாதிரி மின்னுவது அங்கிருந்துதான் தெரியும். யானைமலையில் வெயில் முதுகுப்பக்கம் என்பதால் நிழலும் நிறமும் சுத்தமாக விழும்.

பார்க்க வேண்டியது கட்டடங்களை அல்ல. பனை வரிசையாக நின்றால் அது பெரும்பாலும் கண்மாய்க் கரை அல்லது பழைய எல்லை. சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது ஒரே ஒரு பச்சைக் கோடு வளைந்து வளைந்து போனால் அடியில் ஓடை இருக்கிறது, மேலே மண் போட்டு மூடியிருந்தாலும் சரி. நாணல் நின்றால் கேட்கவே வேண்டாம். மதுரைப் பக்கம் நிலம் மொத்தத்தில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. அந்தத் திசையில் மனைக்கு மேல்கையில் எந்தக் கண்மாய் இருக்கிறது, அதன் கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிகிற தடுப்பு) எந்தப் பக்கம், மறுகால் (வழிந்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால்) எந்த வழி என்ற மூன்றும் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஏணிஅளவு:

கலுங்கு அண்ணே சொன்ன பச்சைக் கோட்டைக் காகிதத்தில் எப்படிப் பிடிப்பது என்று சேர்க்கிறேன். பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வில்லங்கத்தில் பதிவான கிரயம், அடமானம், தானம் இவைதான் வரும், வாய்க்கால் வராது. வேண்டியவை மூன்று: கிராம வரைபடம், 'அ' பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு), புல வரைபடம் (ஒரு சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்). பட்டா, புலப்படம், 'அ' பதிவேட்டு விவரம் எல்லாம் அரசு இணையத்திலேயே கிடைக்கிறது. கிராம வரைபடத்துக்குத்தான் அலைய வேண்டியிருக்கலாம். அலையுங்கள், அதுதான் முக்கியம்.

'அ' பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல், ஒட்டியுள்ள அத்தனை எண்ணுக்கும் வகை பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, நீர்ப்பிடிப்பு, மலைப் புறம்போக்கு, கோவில் பெயர் என்று எங்காவது வரும். புலப்படத்தில் நடுவே இரட்டைக் கோடு ஓடினால் அது பாதையோ வாய்க்காலோதான். தரையில் இப்போது இல்லை என்று விற்கிறவர் சொல்வார். தரையில் இல்லாவிட்டாலும் சட்டத்தில் இருக்கிறது. அதன் மேல் தூண் போட முடியாது, குறுக்கே போக வேண்டுமென்றால் நீர்வளத் துறையிடம் கேட்டுச் சிறுபாலம் கட்ட வேண்டும்.

நேர்மாறாகவும் நடக்கும். மலையிலிருந்து தெளிவாகத் தெரிகிற ஓடை புலப்படத்தில் இருக்காது. நில அளவைக்குப் பிறகு தண்ணீர் தானே வெட்டிக்கொண்ட வழி அது. சட்டம் தடுக்காது, ஆனால் முதல் பெருமழையில் பேஸ்மென்ட்டுக்குள் வந்து நிற்கும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் மலை.

அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் 2.47 சென்ட். மனை 3000 சதுர மீட்டரைத் தாண்டினால் (சுமார் 74 சென்ட்) திறந்தவெளி ஒதுக்கீட்டுக் கணக்கு (பொது உபயோகத்துக்கு விட வேண்டிய பங்கு) 10 சதவீதம் தொடங்கிவிடும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணமாகக் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே கொடுக்க வேண்டும். 75, 76 சென்ட்டில் மனை வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும். நன்செய் என்று இருந்தால் அது வேறு வழக்கு, ஆட்சியர் அலுவலகம் வரை போகும். கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் (கட்டடத்துக்குத் தனி அனுமதி கேட்கிற மலைப்பகுதிக் கிராமங்களின் அரசுப் பட்டியல்) இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ராஃப்ட்:

பேஸ்மென்ட் என்று சொன்னதால் வருகிறேன். இந்த ஊரில் பார்க்கிங்குக்காக ஒரு தளம் கீழே தோண்டுவது வழக்கமாகிவிட்டது. கண்மாய் அருகே என்றால் முதல் வேலை, கலுங்கின் மேல்மட்டத்தை லெவல் கருவி வைத்து எடுத்து, மனையின் மட்டத்தோடு ஒப்பிடுவது. கலுங்குதான் அந்தக் கண்மாய் நிறைகிற உயரம். தரைத்தளம் அதற்கு 60 சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும். பேஸ்மென்ட் எப்படியும் அதற்குக் கீழேதான் போகும். அங்கேதான் சிக்கல்.

கணக்கு எளிது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். நிலத்தடி நீர் ஏறி ராஃப்ட்டின் (கட்டடம் முழுவதுக்கும் அடியில் போடும் ஒரே கான்கிரீட் பலகை) அடிமட்டத்துக்கு மேல் 3 மீட்டர் நின்றால் 3 டன். அரை மீட்டர் கனமுள்ள ராஃப்ட்டின் சொந்த எடை 1.25 டன்தான். மேலே ஏறும் ஒவ்வொரு தளமும் பூச்சு, தரை இல்லாமல் சுமார் 0.6 டன். மூன்று தளம் போட்டாலும் 3.05, அதாவது இழுபறி. பாதுகாப்பு விகிதம் வைத்துப் பார்த்தால் நாலாவது தளமும் போதாது, ஐந்தாவது வரை நிலத்தடி நீரை இறைக்கிற பம்ப் ஓட வேண்டும். ஐப்பசியில் கான்கிரீட் வேலை நின்று, டீசல் மிச்சம் என்று யாராவது பம்பை நிறுத்தினால், ராஃப்ட் நடுவில் மேலெழும்பி விரியும். கட்டடம் கனமான பிறகு அமுங்கிப்போகும் என்று நினைக்காதீர்கள், விரிசல் விரிசல்தான். ஐந்து தளம் கட்டவே போவதில்லை என்றால் ராஃப்ட்டைக் கனமாக்க வேண்டும் அல்லது பாறையில் ஆங்கர் (ராஃப்ட்டைப் பாறையோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கம்பி) அடிக்க வேண்டும்.

பாறை பற்றி இன்னொன்று. மலையடிவாரத்தில் ஒரே மனையில் கிழக்கு மூலையில் ஒரு மீட்டரில் பாறை தட்டும், மேற்கு மூலையில் ஆறு மீட்டருக்கும் தட்டாது. நாலு மூலையில் மட்டும் மண் சோதனைத் துளை போட்டால் நடுவில் இருக்கும் மேட்டை விட்டுவிடுவோம். நடுவிலும் இரண்டு போடுங்கள். மலைச் சரிவு தரைக்கு அடியிலும் தொடர்கிறது, மேலே மண் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் பாறை முதுகு எந்தத் திசையில் மண்ணுக்குள் இறங்குகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மண் ஊதிச் சுருங்குவதுதான் பிரச்சினை.

சதுரக்கள்ளி:

எல்லாரும் மேலே போய் என்ன பார்ப்பது என்று சொல்லிவிட்டீர்கள். மேலே போவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் ஷூவோடு வருகிற ஆட்களுக்காக எழுதுகிறேன்.

சமணர் மலைக்குக் கீழக்குயில்குடி அய்யனார் கோவில், தாமரைக் குளத்துப் பக்கமிருந்து ஏறுங்கள். படி இருக்கிற வரை சுலபம். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்து எல்லாம் இருக்கும், கை வைக்காதீர்கள். அதற்கு மேல் வழுக்குப் பாறை. ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் முட்டி நடுங்கும். உடம்பைப் பாறை பக்கம் சாய்த்து உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினால் சறுக்கும். நிமிர்ந்து நின்று, பாதம் முழுவதும் பாறையில் படும்படி வைத்தால் பிடிப்பு நிற்கும்.

பாறையில் மேலிருந்து கீழே கறுப்புக் கோடுகள் ஓடுமே, அவை மழைத்தண்ணீர் வடிகிற தடம். காய்ந்திருந்தால் கவலையில்லை. நனைந்தால் சோப்புத் தேய்த்த மாதிரி. மழை விட்டு ஒரு முழுநாள் வெயில் காய்ந்த பிறகு போங்கள். சில இடத்தில் பாறை வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நிற்கும். குதிகாலால் தட்டினால் 'டொம்' என்று வெற்றொலி வரும், அதன் விளிம்பில் நிற்காதீர்கள்.

அடிவாரத்துச் சீமைக்கருவேல முள்தான் பெரிய எதிரி. மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூவின் அடிப்பாகத்தை நேராகக் குத்தி உள்ளே வரும். கெட்டி ரப்பர் அடியுள்ள சாதாரணக் கேன்வாஸ் ஷூ மேல். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஒன்பது மணிக்குப் பாறை சுட ஆரம்பிக்கும், எட்டரைக்குள் கீழே இருக்க வேண்டும். செங்குத்துப் பாறையில் பெருந்தேனீ அடை தொங்கினால் செண்ட், பீடி, ட்ரோன் எதுவும் வேண்டாம். ட்ரோன் வைத்து மனையைப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இது குறிப்பாக. கல் இடுக்கில் கை விடாதீர்கள், சுருட்டைவிரியன் அங்கேதான் சுருண்டு கிடக்கும். கடித்தால் கட்டாமல், கீறாமல், ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராக அரசு இராஜாஜி மருத்துவமனை.

அழகர்மலையில் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்குவது வேறு சங்கதி. காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்துவிட்டன.

மடைக்கருப்பு:

நல்லாயிருக்கு. மலை ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து 'மலைக் காட்சி' என்று விளம்பரம் போட்டு விற்பதும் நீங்கள்தானே? கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் புதிதாக ஒன்றும் கட்ட முடியாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தொல்லியல் சின்னச் சட்டத்தின் 2010 திருத்தத்தில் வந்தது. இந்த 100 மீட்டரைச் சிற்பத்திலிருந்து டேப் பிடித்து அளக்கிறார்கள், தப்பு. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்க வேண்டும். மலையில் சிற்பம் ஒரு மூலையில் இருக்கும், எல்லை அடிவாரம் வரை வரும். மதுரையில் மலைக்கு மலை சமணப் படுக்கை, குடைவரை, தமிழி எழுத்து இருக்கிறது. யானைமலை அடிவாரத்து நரசிங்கத்துக் குடைவரைக் கல்வெட்டு கி.பி. 770-ஐச் சேர்ந்தது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. ஊருக்குள்ளும் அப்படித்தான், மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரம் கிடையாது. அவனியாபுரம், பெருங்குடி பக்கம் விமான நிலைய ஆணையத்தின் உயரச் சான்று வேண்டும். அது கடல்மட்டத்திலிருந்து அளக்கும் உயரம். மேட்டு மனைக்கு ஒரு தளம் குறையும்.

குத்தகை:

ராஃப்ட் சார் சொன்ன 60 சென்டிமீட்டர் கடை முகப்போடு மோதும் இடம் ஒன்று உண்டு. தண்ணீருக்குப் பயந்து தரைத்தளத்தை 90 சென்டிமீட்டர் ஏற்றினால் ஆறு படி. கடை வாடகைக்கு எடுக்க வருகிறவர் ஆறு படியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை 1-க்கு 12 என்றால் 10.8 மீட்டர் ஓட்டம், நடுவில் ஒரு தளமேடை 1.5 மீட்டர். முன்பக்க வெற்றிடத்தில் நேராக அடங்காது, மடக்கித்தான் போட வேண்டும், அது கடை முகப்பை மறைக்கும். இதை மனை வாங்கும்போதே வரைந்து பார்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகு முகப்பு மாறினால் பேரம் மறுபடி முதலிலிருந்து. பார்க்கிங்குக்குத் தூண் இடைவெளி 8.4 மீட்டர் வையுங்கள். 2.5 மீட்டர் வீதம் மூன்று கார், மீதி தூண் கனத்துக்கு. 8 மீட்டரில் வைத்தால் மூன்றாவது காரின் கதவு திறக்காது.

கலுங்கு:

மடைக்கருப்பு, கோபம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மலையிலிருந்து இறங்கியதும் அந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி (மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர்) யார் என்று டீக்கடையில் கேளுங்கள். பெரும்பாலும் வயதான ஆளாக இருப்பார். படத்தைக் காட்டாமல், 'மறுகால் எந்தப் பக்கம் போகும், எந்த வருஷம் கரை உடைந்தது' என்று மட்டும் கேளுங்கள். படத்தைக் காட்டினால் நீங்கள் மனை வாங்க வந்தவர் என்று தெரிந்துவிடும், அப்புறம் பதில் வேறு மாதிரி வரும்.