பாஸ்டன்ல பேஸ்பால் பார்க்கப் போறோம், கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் காட்பாடி. ஏப்ரல்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு பாஸ்டன்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போறேன். அஞ்சு வருஷமா வீடியோ கால்லதான் பார்த்துக்கிறோம். அக்கா பையனுக்குப் பேஸ்பால்னா உயிர். மார்ச் கடைசியில சீசன் ஆரம்பம். "மாமா, ஃபென்வே பார்க்குக்குச் சேர்ந்து போகணும்"னு நாள் எண்ணிக்கிட்டிருக்கான். 1912ல திறந்த மைதானம் அது. இடது பக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர். அங்க ராத்திரி 7 மணி ஆட்டம்னா நமக்கு விடியக்காலை நாலரை. கிளம்புற வரைக்கும் அலாரம் வெச்சு எழுந்து பார்க்கப் போறேன், அவன்கூடப் பேச எனக்கும் விஷயம் வேணுமே.

அங்க போனவங்க சொல்லுங்க. அம்மாவுக்கு முட்டி வலி. அதிகம் படி ஏறாம உட்கார எந்தப் பக்கம் டிக்கெட் எடுக்கலாம்? வேலூர் வெயில்லயே இருந்த உடம்பு, ஏப்ரல் ராத்திரிக்கு ஸ்வெட்டர் மட்டும் போதுமா? அக்காவுக்கு ஆற்காடு மக்கன் பேடா கொண்டுபோகணும். எத்தனை நாள் கெடாம இருக்கும்?