சோன்யூக்கா: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு அனிமே, அதாவது ஜப்பானிய அசைவூட்டப் படங்களின் இசை பற்றி வகுப்பு எடுக்கிறேன். எடுத்துக்கொண்டிருப்பது 'நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்'. 1995 அக்டோபரில் தொடங்கி 26 பகுதிகள் வந்த தொடர். கையேட்டைத் தமிழிலேயே தருவதாகச் சொல்லிவிட்டேன்; ஞாயிறு இரவு அச்சுக்குப் போக வேண்டும்.

ஓபனிங்குக்கு முகப்புப் பாடல், எண்டிங்குக்கு நிறைவுப் பாடல் என்று போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக ஜப்பானியர் 'ஷுதைக்கா' என்பார்கள். கதைக்கு நடுவே ஒலிக்கும் பாட்டு 'சோன்யூக்கா', அதாவது இன்சர்ட் சாங். காட்சிகளுக்கென்று அமைக்கும் இசை 'கெக்கிபான்'. இந்த மூன்றுக்கும் சொல் வேண்டும்.
செ.

---

தம்பி, ஷுதை என்றால் மையப்பொருள், கா என்றால் பாட்டு. 'கருப்பாடல்' என்று வைத்துவிடுங்கள். சோன்யூ என்பது செருகுதல். 'இடைச்செருகல் பாடல்' நேராகப் பொருந்தும்.
க.மு.

---

ஐயா பொறுத்தருள வேண்டும். தொல்காப்பியம் "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று அடுக்கி அவற்றைத்தான் கரு என்கிறது. பறையும் யாழும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கின்றன, இசைக்கருவியே கருப்பொருள். நாம் தீம் என்று சொல்வது உரிப்பொருள். அப்படியானால் 'உரிப்பாடல்' என்றல்லவா வரவேண்டும்?

இடைச்செருகல் வேண்டவே வேண்டாம். ஏட்டில் பிற்காலத்தார் நுழைத்த பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம். பதிப்பாசிரியர் நீக்கத் தேடும் பாட்டு அது.
ந.

---

உரிப்பாடல் என்று கரும்பலகையில் எழுதினால் முதல் வரிசைப் பிள்ளைக்கே புரியாது, அம்மா. வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் டைட்டில் பாட்டு என்கிறார்கள். முகப்புப் பாடல் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது, அது போதும். கெக்கிபானுக்குப் பின்னணி இசை இருக்கவே இருக்கிறது.
இரா.

---

பின்னணி என்பதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். முன்னணி, பின்னணி எல்லாம் படை நிற்கும் வரிசை. போதாததற்குப் பின்னணிப் பாடகர் என்றும் வழங்குகிறோம். அங்கே பாடல் முன்னால் நிற்கிறது, பாடுபவர்தான் திரைக்குப் பின்னால். கெக்கி என்றால் நாடகம், பான் என்றால் உடன் செல்லுதல். நமக்கு அரங்கேற்று காதை இருக்கிறது: "குழல்வழி நின்றது யாழே யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே". ஒன்றன் வழி ஒன்று நிற்பது! 'வழியிசை' என்போம்.
க.மு.

---

ஐயா, சிலம்பில் கருவி கருவியின் வழி நிற்கிறது. இங்கே இசை காட்சியின் வழி நிற்கிறது. வழியிசை அழகுதான், ஆனால் 'வழிநடைப் பாட்டா சார்?' என்று கேட்பார்கள். பின்னணி இசையை மாற்றாதீர்கள்.
இரா.

---

எல்லோருக்கும் நன்றி. ஒரு காட்சியைச் சொல்கிறேன், அதை வைத்து முடிவு செய்யலாம்.

1997இல் வந்த 'தி எண்ட் ஆஃப் இவாஞ்சலியன்' படம். மனிதர்கள் ஒவ்வொருவராக உருவிழந்து கரைந்துபோகிறார்கள். அப்போது பியானோவும் ஆர்கனுமாக, துள்ளலான மெட்டில் ஒரு பாட்டு வருகிறது. தலைப்பு ஜெர்மனில், 'கொம் ஸூஸர் டோட்', இனிய சாவே வா என்று பொருள். பாடுவது ஆங்கிலத்தில். இசை ஷிரோ ஸகிசு. தொடரின் கெக்கிபானும் அவருடையதுதான். அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் காட்சி வெறும் அழிவு. பாட்டோடு பார்க்கும்போது, போகிறவர் விரும்பியே போகிறார் என்று தோன்றிவிடுகிறது. இதைச் செருகியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 24ஆம் பகுதியில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி, கூட்டுக்குரலோடு. இவா என்னும் ராட்சத எந்திரத்தின் கைக்குள் கவோரு என்னும் சிறுவன். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் படம் அசையவே அசையாது, இசை மட்டும் ஓடும். தொடருக்காக அமைக்காத இந்த இசையைப் பின்னணி இசை என்பதா?
செ.

---

தம்பி, நீங்கள் சொன்னதில் சொல்லும் கிடைத்துவிட்டது. தறியில் நீளவாட்டில் பாவு, குறுக்கே ஓடுவது ஊடு. ஊடை உருவினால் துணி இல்லை. 'ஊடுபாடல்'!
க.மு.

---

ஊடுபாடல் நன்றாக இருக்கிறது. உரிப்பாடலை விட்டுவிடுகிறேன்.
ந.

---

எனக்கு உடன்பாடில்லை. தறியைப் பார்த்திராத பிள்ளைக்கு ஊடு என்றதும் ஊடல்தான் நினைவுக்கு வரும். தலைவனும் தலைவியும் பிணங்கிப் பாடுவது என்றே எடுத்துக்கொள்வார்கள். 'இடைப்பாடல்' போதும். பீத்தோவனுக்கு 'எடுத்தாண்ட இசை' என்று தனி வரி போடுங்கள்.
இரா.

---

இடைப்பாடல் என்றால் இடைவேளையில் போடும் பாட்டு ஆகிவிடும், இரா.
க.மு.

---

அச்சகத்திலிருந்து இருமுறை கூப்பிட்டுவிட்டார்கள். கையேட்டில் முகப்புப் பாடல், நிறைவுப் பாடல், ஊடுபாடல், பின்னணி இசை, எடுத்தாண்ட இசை. ஷுதைக்காவை அப்படியே விட்டுவிட்டேன். ஊடுபாடலுக்கு மூன்று பேர், எதிராக ஒருவர். திங்கள் மாலை பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுதுகிறேன்.
செ.

---

எழுதுங்கள் தம்பி. ஊடல் என்று ஒரு பிள்ளை கேட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.
இரா.