எல்லா வெட்டுக்கும் ட்ரான்சிஷன் போடணுமா?

கல்லடிப் பொடியன்:
அண்ணமார், மாமாட மகள்ர சாமத்திய வீட்டு வீடியோவ நான்தான் எடிட் பண்றன், பிரீமியர் ப்ரோ சொஃப்ட்வெயார்ல, செக்கனுக்கு 25 பிரேம். ஹோல்ல எடுத்ததோட கல்லடிப் பாலம், பாசிக்குடா அவுட்டோர் ஷொட்டும் கிடக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் ட்ரான்சிஷனா சுழல்றது, பக்கம் புரட்டுறது, இதயம் விரியிறது எண்டு போட்டு மாமிக்குக் காட்டினா "என்ன மகன், தலை சுத்துது, பிள்ளைட முகத்தப் பாக்க ஏலாமக் கிடக்கு" எண்டுட்டா. மறுகா எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரு காட்சி மங்க மங்க மற்றது தெரியிற கிராஸ் டிசால்வ் மட்டும் போட்டன், இப்ப சில இடத்துல ஆக்கள் சிலை மாதிரி உறைஞ்சு நிண்டுட்டுத்தான் மாறுறாங்க. லெப்டொப் பிழையா?

வாவிக்கரை:
லெப்டொப்ல ஒண்டுமில்ல தம்பி, கிளிப்ப ஒட்ட வெட்டியிருக்கீங்க. டிசால்வ் ஓடுற நேரம் ரெண்டு கிளிப்பும் சேந்து ஓடணும். 1 செக்கன் டிசால்வ வெட்டுக்கு நடுவுல வெச்சா முதல் கிளிப்புல வெட்டுக்கு அங்கால 12, 13 பிரேம் மிச்சம் இருக்கணும், அடுத்ததுல வெட்டுக்கு முன்னுக்கும் அவ்வளவு. இல்லாட்டி பிரீமியர் இருக்கிற பிரேமையே திருப்பித் திருப்பிக் காட்டும், கிளிப்புகள அடுக்கிற டைம்லைன்ல அந்த ட்ரான்சிஷனுக்கு மேல சாய்வாக் கோடு கோடா விழுந்திருக்கும் பாருங்க. ரெண்டு கிளிப்புட நுனியையும் ஒள்ளுப்பம் உள்ளுக்கு இழுத்து ட்ரிம் பண்ணிட்டுப் போடுங்க. எடுக்கிற நேரமே முன்னுக்கும் பின்னுக்கும் 2 செக்கன் கூட விட்டு எடுத்தா இந்தக் கரைச்சல் வராது, நம்மட கேமராக்காரப் பொடியனுகள் எங்க கேக்கிறானுகள்.

அக்கரைப்பற்று நானா:
அதுக்கு முதல் அந்த டிசால்வ் அங்க தேவையா எண்டு பாருங்க. ஆராத்தி எடுக்கிறது முழுக்க ஒரே இடம், ஒரே நேரம், வெறும் வெட்டு போதும், டிசால்வ் போட்டா இடையில நேரம் போன மாதிரி இருக்கும். பாலத்துலருந்து ஹோலுக்குப் போற இடத்துல போடுங்க, இல்லாட்டி அங்கயும் போடாம சத்தத்த முந்த விடுங்க. உங்கட பக்கம் குரவை போடுவாங்கதானே, அந்த ஓடியோவ வேற ட்ராக்குக்கு இறக்கி, ஆல்ட் கீய அமத்திப் பிடிச்சு நுனிய மட்டும் 1 செக்கன் முன்னுக்கு இழுங்க. பாலம் தெரியக்குள்ளயே குரவை கேக்கும், மறுகா ஹோல் வரும், பாக்கிற ஆளுக்கு வெட்டே தெரியாது.

களுவாஞ்சிக்குடி ஸ்டூடியோ:
எல்லாம் சரி நானா, கஸ்டமரே இதயம் கேட்டு வாறாங்களே, அதுக்கு என்ன செய்ய 😂

கல்லடிப் பொடியன்:
கோடு இருந்திச்சு, ட்ரிம் பண்ணினன், சரி வந்திட்டு. குரவையும் இழுத்துப் பாத்தன், சும்மா மயிர் கூச்செறியுது. ஆனா மாமி இப்ப கேக் வெட்டுற இடத்துல மட்டும் ஒரு இதயம் போடு எண்டு நிக்கிறா.