புதுப்பிப்பு: வீடியோவில் மரபணு ஆலோசனை முடிந்தது

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததால் மரபணு ஆலோசனைக்குப் போகச் சொல்கிறார்கள், வீடியோ காலில் பார்த்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். நேற்று முடிந்தது. போதும்.

பாதி நேரம் குடும்ப மரம் வரைவதிலேயே போனது. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்தவர்களுக்குக் கறுப்பு நிரப்பல். யாருக்கு எந்த வயதில் வந்தது என்றதும் திணறிவிட்டேன். பக்கத்தில் அம்மா இருந்ததால் தப்பித்தேன். அப்பா வழியையும் விடவில்லை. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரலாமாம், நான் யோசித்ததே இல்லை.

முதல் சோதனை எனக்கல்ல, அம்மாவுக்கு! நோய் வந்தவரிடம் மாற்றம் இன்னதென்று தெரிந்தால்தான் எனக்கு வரும் ‘இல்லை’யை முழுசாக நம்பலாம். அவருக்கு இருந்தால் எனக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு. ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’, அதாவது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாதது, என்றும் முடிவு வரலாம், அதை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்கு ஓடாதீர்கள் என்று ஆலோசகர் இரண்டு முறை சொன்னார்.

சோதனைக்கு எச்சில் பிடித்துக் கொடுக்கும் குழாய் வீட்டுக்கே வருமாம். நல்லது.

ஒரே குறை, நடுவில் ஒலி அறுந்தது. “என்னாலதானா இவளுக்கும்?” என்று அம்மா கேட்ட நேரம் பார்த்து. ஆலோசகர் மறுபடி கேட்கச் சொன்னார். அம்மா “ஒண்ணுமில்ல” என்றுவிட்டார்.