கம்யூனிட்டி காலேஜிலிருந்து வரும் கெமிஸ்ட்ரி பிள்ளைகள்: உங்கள் அனுபவம் என்ன?

லேப் டிஏ

கலிஃபோர்னியாவில் ஒரு யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகத்தில் பிஎச்டி செய்கிறேன். மூன்றாம் வருஷ சிந்தசிஸ் லேபுக்கு டிஏ, அதாவது கற்பித்தல் உதவியாளர். கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருஷ உள்ளூர்க் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு நேரே மூன்றாம் வருஷத்தில் வந்து சேரும் பிள்ளைகள் என் பேட்ச்சில் எப்போதும் இருப்பார்கள்.

கைவேலையில் இவர்கள் சோடை இல்லை. போன ஃபாலில் ஒரு பெண். பொருளைப் படிகமாக்கிச் சுத்தப்படுத்தும் ரீகிரிஸ்டலைசேஷனுக்குச் சூடான கரைப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள், அவசரப்பட்டு ஐஸில் வைக்காமல் தானாக ஆறவிட்டாள். படிகம் ஊசி ஊசியாக இறங்கியது. முதல் வருஷத்திலிருந்து எங்களிடமே படிக்கும் பக்கத்து பெஞ்ச் பையனுக்கு எண்ணெயாகப் பிரிந்து நின்றது! அதே பெண், மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் என்எம்ஆர் கருவியின் அறைக்கு வந்ததும் தயங்கினாள். அவள் படித்த இடத்தில் ஸ்பெக்ட்ரம் என்றால் அச்சடித்த தாள்தான். சாம்பிளை டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் கரைத்து, லாக், ஷிம் என்று காந்தப்புலத்தை நிலைப்படுத்திச் சீராக்கிப் பார்த்ததே இல்லை. கூட நின்று ஒருமுறை காட்டினேன். அடுத்த வாரம் அவள் மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

இவர்களுக்குக் குறைவது நேரம். செமஸ்டர் காலேஜிலிருந்து குவார்ட்டருக்கு வந்தால் பாடமே பத்து வாரம்தான், நாலாவது வாரம் மிட்டெர்ம். "பார்க்கிங் பெர்மிட்டே இப்பதான் கைக்கு வந்தது" என்றார் ஒருவர். ஆராய்ச்சி விஷயம் இன்னும் மோசம். ஆரம்பத்திலிருந்தே இங்கே இருக்கும் பிள்ளை ஒரு வருஷம் நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு லேபில் சேரும். இப்படி நடுவில் மாறி வரும் டிரான்ஸ்பர் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. பிஎச்டிக்குப் போக வேண்டுமென்றால் செப்டம்பரில் வந்தவர் மறு டிசம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றேகால் வருஷத்துக்குள் மூன்று பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் எப்படிக் கேட்பது? அதனால் முதல் வகுப்பிலேயே சேஃப்டி படிவத்தோடு ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து யார் டிரான்ஸ்பர் என்று தெரிந்துகொள்கிறேன். கையைத் தூக்கச் சொல்வதில்லை, அது சங்கடம். பிறகு ஆபீஸ் ஹவர்ஸில் உட்காரவைத்துப் பேராசிரியர்களுக்கு மெயில் எழுதவைப்பேன்.

சன்னிவேல் அம்மா

தம்பி, எங்கள் பையன் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்குப் போனவன்தான். கொலு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் "எந்த காலேஜ்?" என்ற கேள்வி வரும். வீட்டுக்காரர் "இங்கேதான், குப்பர்டினோவில்" என்று பேச்சை மாற்றிவிடுவார். ஒரு குவார்ட்டர் யூனிட் பாடத்துக்குக் கட்டணம் 31 டாலர் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அவரே நாலு பேருக்குச் சிபாரிசு செய்ய ஆரம்பித்தார், அது வேறு கதை. டி ஆன்சாவும் குவார்ட்டர் முறை என்பதால் நீங்கள் சொல்லும் பத்து வார ஓட்டம் அவனுக்குப் பழக்கம்.

எங்களை மடக்கியது விசா. அப்போது அவன் எச்-4, அதாவது பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா. கோடையில் என்எஸ்எஃப் என்ற அரசு அறிவியல் நிதி அமைப்பின் பணத்தில் இளநிலை மாணவர்களுக்கு நடக்கும் ஆர்இயூ ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆசையாக விண்ணப்பத்தைத் திறந்தான். சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்தால்தான் அந்த உதவித்தொகை. சோர்ந்துபோனான். யூசிக்குப் போன பிறகு ஒரு மேடம், சம்பளம் இல்லாமல் யூனிட்டுக்காக ஆராய்ச்சியைப் பாடமாகவே எடுக்கலாம் என்று வழி காட்டினார். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இதே விசாவில் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நானும் டிரான்ஸ்பர்தான்

எனக்கு ஒரு கவுன்சிலர் ஜெனரல் எஜுகேஷன் என்ற பொதுப் பாடங்களை முழுக்க முடித்துவிட்டுப் போகச் சொன்னார். கெமிஸ்ட்ரிக்கு அது சரிப்படாது. ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிந்தால்தான் ஆர்கானிக். கால்குலஸும் கால்குலஸ் சேர்ந்த ஃபிசிக்ஸும் முடிந்தால்தான் பிசிக்கல் கெமிஸ்ட்ரி. மாடிப்படி மாதிரி, ஒன்றை விட்டால் மேலே ஏற முடியாது. வரலாறும் சமூகவியலும் போன பிறகும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஆர்கானிக்கைப் பாதியில் விட்டு மாறாதீர்கள். செமஸ்டர் காலேஜில் அது இரண்டு பகுதி, பல குவார்ட்டர் வளாகங்களில் மூன்று. முதல் பகுதியோடு கிளம்பினால் அங்கே எந்த இடத்தில் நுழைவது என்றே தெரியாது. கார்போனைல் வேதியியல் போன்ற ஒரு முக்கியப் பகுதியே இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடும். எந்தப் பாடம் எதற்குச் சமம் என்பது அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் காலேஜ் வாரியாக இருக்கிறது. டேக் என்ற உத்தரவாதச் சேர்க்கை யூசியின் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டும் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோவில் கிடையாது. விண்ணப்பம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும்.

காலேஜ் வாத்தியார்

கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். டிஏ தம்பி சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவன் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு காலை எட்டு மணி லேபுக்கு வருவான், கண் சிவந்திருக்கும், நோட்புக் மட்டும் பளிச்சென்று இருக்கும். அவன் யூசிக்குப் போனதும் மாட்டிக்கொண்டது பாடத்தில் அல்ல. லேப் எல்லாம் மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை. ஷிஃப்ட்டை விட்டால் வாடகை இல்லை. சேர்வதற்கு முன்பே லேப் நேரத்தைச் சொல்லிவிட்டால் முதலாளியிடம் பேசவாவது அவகாசம் கிடைக்கும். எந்தத் துறையும் அதைச் செய்வதாகத் தெரியவில்லை.

என்எம்ஆரைப் பொறுத்தவரை நிலைமை மாறுகிறது. திரவ ஹீலியம் தேவைப்படாத, மேசைமேல் வைக்கிற 60 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் சில காலேஜ்களுக்கு வந்துவிட்டன. சிக்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், ஆனால் பயம் தெளிந்துவிடும்.

அந்த மெயிலில் என்ன எழுதவைக்கிறீர்கள்? என் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

லேப் டிஏ

சார், லேப் நேர விஷயம் எனக்குப் புதிது, துறையில் கேட்டுப்பார்க்கிறேன். அக்கா, விசா வரியைச் சீட்டில் சேர்த்துவிட்டேன்.

மெயில் ஐந்தாறு வரிதான். அந்த லேபின் எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் எது புரியவில்லை, வாரத்தில் எந்தெந்த நேரம் வர முடியும், குழுக் கூட்டத்தில் ஒருநாள் உட்காரலாமா. டிரான்ஸ்பர் என்பதை மன்னிப்புக் கேட்பதுபோல் எழுதக் கூடாது. "எனக்கு ஆறு குவார்ட்டர் இருக்கிறது, முதல் குவார்ட்டரிலேயே தொடங்க விரும்புகிறேன்" என்றால் போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் வராவிட்டால் அந்த லேபின் பிஎச்டி மாணவரைப் பிடிக்கச் சொல்கிறேன். கலவையைப் பிரிக்கும் காலம் குரோமடோகிராஃபி ஓட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.