தரங்கம்பாடியில் மூணு ராத்திரி: கோட்டைப் பக்கமா, காரைக்காலா?

நொய்யல்கரை:
வணக்கம்ங்க. தை மாசக் கடைசில மாமனாருக்குத் திருக்கடையூர்ல சதாபிஷேகம் வெச்சிருக்கோம். சொந்தபந்தமெல்லாம் மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பிருவாங்க. மாமனார், மாமியார், நான், வீட்டுக்காரர், பத்து வயசுப் பொண்ணு, நாங்க அஞ்சு பேரு மட்டும் மூணு ராத்திரி தரங்கம்பாடில இருந்துட்டு வரலாம்னு ஒரு ஆசைங்க. மாமியாருக்கு முட்டி வலி, மாடிப்படி ஆகாது. மாமனாருக்கு எட்டு மணிக்கு இட்லி தட்டுல இல்லைன்னா அன்னிக்குப் பூரா யார்கிட்டயும் பேச்சு இருக்காது. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், ராத்திரி படுத்தா அலைச் சத்தம் கேக்கோணும். கோட்டைப் பக்கத்துப் பழைய பங்களா, பொறையாறு லாட்ஜ், காரைக்கால் ஓட்டல், திருக்கடையூர்... இந்த நாலுல எதுங்க சரிப்படும்? "சுனாமி வந்த ஊராச்சே"ன்னு மாமியார் வேற ரெண்டு தடவை சொல்லிட்டாங்க.

அரிசிலாறு:
காரைக்காலுக்கு வந்துடுங்க. லிஃப்ட் உள்ள ஓட்டல் இருக்கு, டாக்டர் இருக்காரு, ராத்திரி பத்து மணிக்கும் சாப்பாடு கிடைக்கும். அங்கேருந்து தரங்கம்பாடி கார்ல அரை மணி நேரம் கூட ஆகாது. ஆனா சனிக்கிழமையைத் தொடாதீங்க. திருநள்ளாறு கூட்டம் மொத்தமும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே எங்க ஊர்லதான் வந்து எறங்கும்.

பெட்டிபடுக்கை:
போட்டோவை நம்பாதீங்க அக்கா. நான் "கடற்கரை விடுதி"ன்னு நெட்ல பார்த்துப் பணம் கட்டிட்டுப் போனேன். பேர் வேண்டாம். போய்ப் பார்த்தா மெயின் ரோட்டு மேல இருக்கு, சுத்தி வயல். கடல் எங்கேன்னு கேட்டா வாட்ச்மேன் கிழக்கால கையைக் காட்டுறாரு. ராத்திரி பூரா லாரி ஹாரன். கடைசில ஒரு ஆட்டோ பிடிச்சுப் போய்க் கடலைப் பார்த்துட்டு வந்தேன்.

ரெண்டு விசில்:
அம்மா, நான் மயிலாடுதுறை–பொறையாறு தடத்துல 26 வருஷம் டிக்கெட் கிழிச்சவன். இப்ப ரிட்டயர்டு. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி, எந்த ஸ்டாப்புல யார் எறங்குவாங்கன்னு முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். பட்டுப்புடவையும் பூக்கூடையுமா இருந்தா திருக்கடையூர். கழுத்துல கேமரா தொங்குனா தரங்கம்பாடி. எள்ளு வாசனை அடிச்சா பொறையாறுல எறங்கி காரைக்கால் பஸ்ஸுக்கு ஓடுற ஆளு.

எதுக்குச் சொல்றேன்னா, எங்க பக்கம் ரூம் கிடைக்குமா கிடைக்காதான்னு தீர்மானம் பண்றது பஞ்சாங்கம்தான். கடல் பார்க்க வர்றவங்க கொஞ்சம் பேரு. அறுபது, எழுபது, எம்பது கல்யாணத்துக்கு வர்றவங்க, சனீஸ்வரனுக்கு வர்றவங்க, செப்டம்பர்ல வேளாங்கண்ணிக்குப் போறவங்க, இவங்கதான் ரூமையெல்லாம் அள்ளிட்டுப் போறது. அதனால முதல்ல தை அமாவாசை என்னிக்குன்னு பாருங்க. திருக்கடையூர்ல அன்னிக்குப் பட்டருக்காக அம்பாள் நிலவு காட்டின நாள். நிக்க இடம் இருக்காது. உங்க தேதி அதுக்குப் பக்கத்துல விழுந்தா இன்னிக்கே போனைப் போடுங்க.

இப்ப தரங்கம்பாடி. மெயின் ரோட்டுலேருந்து கிழக்கே போனா டேனிஷ்காரன் வாசல் வரும், 1792ல கட்டினது. அதுக்குள்ள நுழைஞ்சா ராஜவீதி. ரெண்டு பக்கமும் மாதா கோயில், பழைய வீடு, பள்ளிக்கூடம். தெரு முடியிற எடத்துல கடல். இடது பக்கம் மாசிலாமணிநாதர், வலது பக்கம் கோட்டை. அலைச் சத்தத்தோட தூங்கணும்னா வாசலுக்கு உள்ளாறதான் தங்கணும். வாசலுக்கு வெளியே எவன் "கடல் பக்கம்"னு சொன்னாலும் நம்பாதீங்க.

ஆனா உள்ளாற கஷ்டமும் உண்டு. பழைய பங்களான்னா படி ஒசரம் ஒசரமா இருக்கும். நல்ல காத்து வர்ற ரூமெல்லாம் மாடியிலதான் வச்சிருப்பாங்க. கீழ் ரூம் கேளுங்க. கடல் தெரியுமான்னு கேட்டா எல்லாரும் தெரியும்பாங்க. கடல் பக்கத்து ஜன்னல் திறக்குமான்னு கேளுங்க. உப்புக்காத்துல கொக்கி துருப்பிடிச்சு வருஷக்கணக்கா மூடியே கிடக்கிற ஜன்னல் நிறைய. கரண்ட் போனா ஜெனரேட்டர் ஃபேனுக்கு மட்டுமா, ஏசிக்கும் சேர்த்தான்னு கேளுங்க. தையில வாடைக்காத்து இருக்கும், ஏசி பெருசா தேவைப்படாது, ஆனாலும் கேட்டு வச்சுக்குங்க.

சாப்பாடு: உள்ளாற ராத்திரி எட்டுக்கு மேல தெரு அடங்கிடும். பெரியவரோட இட்லிக்குப் பயமில்ல, பொறையாறு பஸ் ஸ்டாண்டு பக்கம் காலையில ஆறுக்கே ஆவி பறக்கும், ஆட்டோவுல போய் வாங்கிட்டு வந்துடலாம். விடியக்காலம் கரையில மீன் எறக்குவாங்க. சதாபிஷேகம் முடிஞ்ச கையோட மீன் தொடலாமான்னு ஐயர்கிட்ட நீங்களே கேட்டுக்குங்க, அந்த வம்பு எனக்கு வேணாம்.

பொண்ணைக் கடல்ல எறக்கிடாதீங்க. கால் நனைக்கலாம், அவ்வளவுதான். கோயில் பக்கம் கடல் அரிக்குதுன்னு பாறாங்கல்லு கொட்டியிருக்கு, அதுல பாசி வழுக்கும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், பாதிக்கு மேல கடல் தின்னுடுச்சு. கோட்டை 1620ல கட்ட ஆரம்பிச்சது, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் குடுத்த எடம். உள்ளாற மியூசியம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வெளியூர்க்காரங்க முக்காவாசிப் பேர் வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துட்டுத்தான் என் பஸ்ல திரும்பி ஏறுவாங்க.

சுனாமி பத்தி. அன்னிக்கு எனக்கு டூட்டி. அதுக்கு மேல இங்க எழுத மாட்டேன். மாமியார்கிட்ட இதை மட்டும் சொல்லுங்க: ராஜவீதி கடல்லேருந்து மேக்கால வாசல் வரைக்கும் நேரா ஓடுது, சந்து பொந்து கெடையாது. டிசம்பர் 26 அன்னிக்கு மீனவங்க கடலுக்குப் போறதில்ல. மத்த நாளெல்லாம் போறாங்க.

என் யோசனை: விசேஷத்துக்கு முதல் நாள் ராத்திரி திருக்கடையூர்லயே படுங்க. விடியறதுக்கு முன்னாடியே கூப்பிடுவாங்க, கோபூஜை, கஜபூஜைன்னு வரிசையா இருக்கும். எம்பது வயசுக்காரரை நாலு மணிக்கு எழுப்பிக் கார்ல ஏத்தாதீங்க. முடிஞ்சதும் ரெண்டு ராத்திரி வாசலுக்கு உள்ளாற.

பெட்டிபடுக்கை:
அண்ணே, ஒரு சின்ன விஷயத்துல ஒத்துவரல. வயசானவங்களோட ரூம் மாத்துறதுதான் பெரிய தொல்லை. மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், கால் தைலம் எல்லாம் ஒரு தடவை அவிழ்த்தா திரும்பக் கட்ட ஒரு நாள் ஆகும். எட்டு கிலோமீட்டர்தானே, மூணு ராத்திரியும் ஒரே எடமா இருக்கட்டும்.

ரெண்டு விசில்:
தம்பி, எட்டு கிலோமீட்டர் எனக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில கோயில் தெருவுல கார் நிறுத்த எடம் தேடியிருக்கீங்களா?

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தேதி பாத்தேன், ஞாயித்துக்கிழமைதான்! அமாவாசை அதுல இருந்து தள்ளித்தான் வருது. அண்ணன் சொன்னபடி ஒரு ராத்திரி திருக்கடையூர், ரெண்டு ராத்திரி தரங்கம்பாடி. மாத்திரை டப்பாவை நான் பாத்துக்கறேன். விடுதிக்குப் போன் பண்ணி ஜன்னல் திறக்குமான்னு கேட்டேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "போய்ப் பாத்துட்டுச் சொல்றேங்க மேடம்"னான். பத்து நிமிசத்துல கூப்பிட்டான், கீழ இருக்கிற ரெண்டு ரூம்ல ஒண்ணுல திறக்குதாம். அதையே எடுத்துட்டேங்க. மாமனார் மாமியாருக்கு இன்னொண்ணு. அவங்களுக்கு ஜன்னல் மூடியிருந்தாத்தான் தூக்கமே வரும்.

கோயமுத்தூர்ல இருந்து மயிலாடுதுறைக்கு ஜன் சதாப்திலதான் வர்றோம். ஸ்டேஷன்ல இருந்து கார்ல பெரியவங்களும் வீட்டுக்காரரும். நானும் பொண்ணும் பஸ்ல வரலாம்னு பாக்கறோம். இவ்வளவு படிச்சப்பறம் அவளுக்கு அந்த பஸ்ல ஏறியே ஆகோணுமாம்.

ரெண்டு விசில்:
நல்லதும்மா. அந்த வண்டி செவ்வாய்க்கிழமை கெடையாது, திரும்பிப் போற நாளைக் கவனிச்சுக்குங்க. பஸ்ல போறப்ப எப்பவும் எறங்குற எடத்துக்கே டிக்கெட் வாங்குங்க. போற நாள் திருக்கடையூர், அதுல குழப்பம் வராது. அப்புறம் தரங்கம்பாடி சுத்த பஸ் ஏறினா "தரங்கம்பாடி"ன்னே சொல்லுங்க. பேர் தெரிஞ்ச ஊராச்சேன்னு பொறையாறுக்கு வாங்கிட்டா, தரங்கம்பாடியில எறங்க ஆள் இல்லன்னு நெனச்சு சில கண்டக்டருங்க ரெண்டு விசில் குடுத்துட்டுப் போயிடுவாங்க. நானே எத்தனையோ தடவை குடுத்திருக்கேன்.